பொறந்த வீட்டுக் கோடி

என் பொண்டாட்டி தேவம்மா கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல ஜெயிச்சுட்டாளுங்க. முப்பத்திச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். இதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி அது என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டுட்டே இருப்பீங்க. ஜெயிச்ச அன்னிக்கு எங்க வீட்டுல ஒரு பட்டாசு வெடிக்கல. மாலை கொண்டு வந்தவங்களைத் தேவம்மா கையெடுத்துக் கும்பிட்டு வாசலோட அனுப்பிட்டா. ஏன்னு கேட்டவங்களுக்கு அன்னிக்கு நான் பதில் சொல்லல. இப்பச் சொல்றேன்.

நான் ஜடையன். மண்டி மொஹல்லாவுல வாழைக்காய் வியாபாரம். சொந்த ஊர் ஹனூர் தாலுக்கா கௌதள்ளி. மைசூருக்கு வந்து முப்பது வருஷம் ஆயிடுச்சு. என்னை மாதிரி ஊர்ல இருந்து பொழைக்க வந்த சொந்தக்காரங்க அக்கம்பக்கத்துத் தெருவுலயே ஒரு இருபது இருபத்தஞ்சு வீடு இருப்போம். வியாபாரத்துல நான் சந்தேகப் பிராணிங்க. தாரைத் தட்டிப் பாப்பேன், காம்பை ஒடிச்சுப் பாப்பேன், கொண்டு வந்தவன் மூஞ்சியையும் ஒரு தடவை பாப்பேன். கல்லு வச்சுப் பழுக்க வச்ச பழம் வெளியில மஞ்சளா மினுமினுன்னு இருக்கும், உரிச்சா காய். அதைப் பாத்துப் பாத்தே எனக்கு இந்தக் குணம் வந்துடுச்சு. தேவம்மா சொல்லுவா, உங்களுக்குச் சோறு போட்டாக்கூட கிளறிப் பாத்துட்டுத்தான் சாப்பிடுவீங்கன்னு.

அவ எலெக்‌ஷன்ல நின்னதுக்குக் காரணம் சாக்கடைத் தண்ணிங்க. எங்க தெருவுல குடிதண்ணிக் குழாயில சாக்கடை கலந்து வந்துட்டே இருந்தது. மகளிர் சங்கத்துப் பொம்பளைங்களைக் கூட்டிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினா. எவனும் திரும்பிப் பாக்கல. வார்டு இந்தத் தடவை பொம்பளைங்களுக்குன்னு வந்ததும், நானே நிக்கறேன்னுட்டா. எந்தக் கட்சியும் கிடையாது. சின்னம் தையல் மிஷின். தமிழ் வீடு, கன்னட வீடு, உருது பேசற வீடுன்னு பாக்காம எல்லா வாசல்லயும் நின்னு பேசினா. அவ ஜெயிக்கணும்னு எனக்கு வெறியே இருந்ததுங்க. அதை மறைக்க என்ன இருக்கு.

மனு குடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கிரண்னு ஒருத்தன் மண்டிக்கு வந்தான். இருபத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல சட்டை, கையில ரெண்டு போன். எலெக்‌ஷன்ல நிக்கறவங்களுக்குப் போன் வழியா பிரசாரம் பண்ணிக் குடுக்கற கம்பெனியாம். கன்னடமும் தமிழும் கலந்து பேசினான்.

"அண்ணா, நிம்ம ஜனம் இந்த வார்டுல எத்தனை வீடு, எந்த வீட்டுல யாரு சொன்னா யாரு கேப்பாங்க, எல்லாம் நம்ம ஹத்ர, நம்மகிட்ட இருக்கு" ன்னான்.

"எங்க ஜனத்தைப் பத்தி எனக்கே நீ சொல்லித் தர்றயா?" ன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணா. போன எலெக்‌ஷன் அன்னிக்கு உங்க ஊர்ல ஒரு சாவு விழுந்துது. உங்க ஆளுங்க விடிய முன்னாடி பஸ் ஏறிட்டாங்க. உங்க தெரு ஓட்டு பூத்துக்கே வரல. போனெல்லாம் அன்னிக்கு ஹனூர்ப் பக்கம் இருந்துது, அதை வச்சுத் தெரியும். ஒரு சாவு போதும் அண்ணா, உங்க ஓட்டு மொத்தமும் காலி. எனக்குத் தெரியுதுன்னா இன்னொருத்தனுக்கும் தெரியும். அதுக்குத்தான் நம்ம மாதிரி ஆளு பக்கத்துல வேணும்."

எந்திரிடா வெளிய போன்னு சொல்லி அனுப்பிட்டேன். போனவன் நேரா எங்களை எதிர்த்து நின்ன கட்சியோட ஆபீஸுக்குப் போனதைப் பாத்ததா எங்க கடைக்கு எதிர்ல இருக்கிற ஆட்டோக்காரர் சொன்னார். அவன் போயிட்டான், அவன் சொன்னது போகல. மீன் முள்ளு தொண்டையில நிக்கற மாதிரி, சோறு முழுங்கினாலும் அங்கயே நின்னுது.

அதுக்கப்பறம் ஆரம்பிச்சுதுங்க. முதல்ல தேவம்மா குரல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். கன்னடத்துல பேசறா. நான் ஜெயிச்சா முதல் குழாய் நம்ம தமிழ் ஜனங்களுக்குத்தான், மத்தவங்க அப்பறம் பாத்துக்கலாம்னு சிரிச்சுட்டே சொல்றா. அந்தச் சிரிப்புகூட அவளோடதுதான். ஆனா அவ அப்படிப் பேசவே இல்லை. பக்கத்துத் தெருப் பொம்பளைங்க அன்னிக்குச் சாயங்காலமே கதவைச் சாத்திட்டாங்க. தேவம்மா ஒவ்வொரு வீடாப் போய், "நான் சொல்லலீங்கம்மா, சத்தியமாச் சொல்லல" ன்னு நின்னா. ஒரு அம்மா அவ மூஞ்சிக்கு நேராவே போனைப் போட்டுக் காட்டி, "குரல் உன்னுதே தானே?" ன்னு கேட்டாங்களாம். ஆளு எதிர்ல நிக்கறா, வாயால சொல்றா, அதை நம்பல. போன்ல வந்ததை நம்பினாங்க. வீட்டுக்கு வந்து அழுதா.

அடுத்தது என் குரல். ஞாயித்துக்கிழமைக் கூட்டம் ரத்து, யாரும் வர வேண்டாம்னு நானே எங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்றேன். கூட்டத்துல போட்ட சேர்ல நாய் படுத்திருந்தது. நீதானேப்பா சொன்னே, வள்ளுன்னு விழுந்தயே, உன்னை மாதிரி வேற எவன் அப்படிப் பேசுவான்னு கேட்டாங்க. அந்த மெசேஜை நான் கேட்டேன். அதுல என் கோபம்கூட இருந்துதுங்க. நான் வாயைத் திறக்காமலே நான் பேசியிருக்கேன்.

என் மக தமிழ்ப்ரியா காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறா. அவதான் விவரமாச் சொன்னா. ஒருத்தர் குரல் கொஞ்சம் கிடைச்சாப் போதும், அதை வச்சு என்ன வேணும்னாலும் பேச வைக்கலாம். மெசேஜ் மட்டும் இல்லை, போன்ல நேராப் பேசற மாதிரியே பேச வைக்கலாம். படத்தையும் அப்படிச் செய்யலாம், விரலை எண்ணிப் பாத்தா சில நேரம் தப்பு தெரியும். அதனால வீட்டுல ஒரு சட்டம் போட்டா. யாரு போன் பண்ணாலும் சரி, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைக் கேக்கணும். பதில் வரலேன்னா அது ஆள் இல்லை, வச்சுடணும்.

எனக்கு அது பிடிச்சுப் போச்சு. என் குணத்துக்குன்னே தச்ச சட்டை மாதிரி இருந்தது. எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னேன். கொஞ்ச நாள் ஒரே கூத்துதான். என் மச்சான் ஒருத்தன் காபிப் பொடி வாங்கிட்டு வரட்டுமான்னு கேக்கப் போன் பண்ணினான். உங்கப்பன் முதல்ல வாங்கின மாட்டுக்கு எந்தக் கொம்பு உடைஞ்சிருந்துதுன்னு கேட்டேன். காபியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் போய்யான்னு வச்சுட்டான். ஒரு நாள் தேவம்மா என்னைக் கேட்டா, நம்ம நிச்சயத்தன்னிக்கு மழை பெஞ்சுதா இல்லையா? பெய்யலன்னேன். கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாம். அப்ப நீங்க ஆள் இல்லை, டூப்புன்னு சொல்லிச் சிரிச்சா. அந்த மாசத்துலயே அவ சிரிச்சது அன்னிக்குத்தான்.

ஓட்டுப் போடற நாள் வந்துது. இன்னும் சரியா விடியல. சொந்தக்காரங்க குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். ஏதோ புது நம்பர்ல இருந்து நாலஞ்சு பேருக்கு வந்து, அவங்க எல்லாருக்கும் போட்டுட்டாங்க. லிங்கப்பன் மாமா குரல். கௌதள்ளியில இருக்கிற என் அத்தை ரங்கம்மாவோட வீட்டுக்காரர் அவர்.

"ரங்கம்மா போயிட்டா. ராத்திரி தூக்கத்துலயே போயிட்டா. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். ஜடையன்கிட்டச் சொல்லுங்க. கோடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அழுகை இல்லை, தடுமாத்தம் இல்லை. பாடம் ஒப்பிக்கற மாதிரி இருந்துது.

எங்க பக்கத்து வழக்கம் ஒண்ணு சொல்லணும். ஒரு பொம்பளை செத்துட்டா, அவ பொறந்த வீட்டுல இருந்து கோடிச் சேலை வந்து மேல விழுந்தாத்தான் பொணத்தைத் தூக்குவாங்க. எங்கப்பன் போயிட்டார், கூடப் பொறந்தவங்க எனக்கு யாரும் இல்லை. அத்தைக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். இன்னொண்ணு, எழவுச் சேதி வந்தா அது நிஜமான்னு திருப்பிப் போன் பண்ணிக் கேக்கற பழக்கமே எங்ககிட்டக் கிடையாது. சேதி காதுல விழுந்தா கையில இருக்கிறதைப் போட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான். செத்தது நிஜமான்னு கேக்கறது செத்த வீட்டுக்காரனைப் பொய்யன்னு சொல்ற மாதிரி. உசுரோட இருக்கறவங்களைச் செத்துட்டாங்களான்னு கேட்டாலோ, அது அதைவிடக் கேவலம்.

எனக்கு முதல்ல அத்தை ஞாபகம் வரலீங்க. கிரண் ஞாபகம்தான் வந்துது. ஒரு சாவு போதும் அண்ணா.

மாமாவோட பட்டன் போனுக்கு அடிச்சேன். ஸ்விட்ச் ஆஃப். ஊர்ல ரெண்டு பேருக்கு அடிச்சேன், எடுக்கல. எழவு வீட்டுல இருந்தா எடுக்க மாட்டாங்க. காட்டு வேலைக்குப் போயிருந்தாலும் எடுக்க மாட்டாங்க. கடைசியில அந்தப் புது நம்பருக்கே அடிச்சேன். தெரியாத ஆள் ஒருத்தன் எடுத்து, "இருங்க, குடுக்கறேன்" ன்னான்.

"மாப்ளை..."

மாமா குரலேதான். ஆனா என் குரலும் என் குரல் மாதிரியேதான இருந்துது.

"மாமா, எங்கிருந்து பேசறீங்க?"

"தோட்டத்து மேட்டுல நிக்கறேன். வெரசாக் கிளம்பி வா மாப்ளை. உன்ற அத்தை..."

பின்னால ஒரு ஒப்பாரிச் சத்தம் இல்லை, தப்பட்டை இல்லை, மனுசப் பேச்சே இல்லை. காத்து அடிக்கற சத்தம் மட்டும் கேக்குது. எழவு வீடு இப்படியா இருக்கும்? தமிழ்ப்ரியா பக்கத்துல நின்னு, கேள்வி கேளுங்கப்பான்னு மெதுவாச் சொன்னா.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. சின்னதுல நான் பள்ளிக்கூடத்துல இருந்து ஓடி வந்துட்டேன். எங்கப்பன் மூங்கில் குச்சியோட தேடிட்டு உங்க வீட்டுக்கு வந்தார். அன்னிக்கு அத்தை என்னை எங்க ஒளிச்சு வச்சா?"

ஒண்ணும் பேசல.

"மாமா, சொல்லுங்க. எங்க ஒளிச்சு வச்சா?"

"மாப்ளை..." ன்னு மறுபடியும் ஒரு தடவை. அப்பறம் மூச்சு மட்டும் கேட்டுது. அப்பறம் லைன் கட் ஆயிடுச்சு.

அந்த விசயம் தெரிஞ்சவங்க உலகத்துலயே மூணு பேர்தான். நான், அத்தை, மாமா. மெஷினுக்கு எப்படித் தெரியும்? போனை வச்சுட்டு நான் தொடையைத் தட்டிச் சிரிச்சேங்க. சிக்கினானுங்கன்னு சொன்னேன்.

வெளிய வந்தா சொந்தக்காரங்க மொத்தமும் வீட்டு வாசல்ல நிக்கறாங்க. பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சு அழுதுட்டிருக்காங்க. ஒருத்தன் டெம்போவைக்கூடக் கொண்டு வந்து நிறுத்திட்டான். எல்லாரையும் பாத்துச் சத்தம் போட்டுச் சொன்னேன். "யாரும் ஏறாதீங்க. நான் பேசிட்டேன். அது மாமா இல்லை. அத்தை கல்லு மாதிரி இருக்கா. நம்ம ஓட்டைக் கலைக்கறதுக்குன்னு பண்ண வேலை. அத்தைக்குக் கோடி போட வேண்டியவன் நான். நானே சொல்றேன், போய் ஓட்டுப் போடுங்க."

தேவம்மா மட்டும் என்னைத் தனியாக் கூப்பிட்டா. "ஏனுங்க, பொய்னா திரும்பி வந்துடலாம். நிஜம்னா என்ன பண்ணுவீங்க?"

"நான் டெம்போ ஏறினா மொத்த ஜனமும் பின்னால ஏறிடும், பூத் மூடறதுக்குள்ள திரும்புவாங்கன்னு என்ன நிச்சயம்? எழுவது எம்பது ஓட்டு. அதுதானே அவனுக்கு வேணும்."

"எனக்காகப் பாக்காதீங்க. நீங்க கிளம்புங்க. போயிருக்கறது உங்க அத்தைங்க."

"உனக்கு இவனுங்களைப் பத்தித் தெரியாது" ன்னேன். அவ பூத்துக்குக் கிளம்பிட்டா.

நான் முதல் ஆளாப் போய் ஓட்டுப் போட்டு, விரல்ல மை வாங்கிட்டு, பூத்துக்குக் கொஞ்சம் தள்ளி டேபிள் போட்டு உக்காந்துட்டேன். சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து போட்டாங்க. வர்றவங்க விரலையெல்லாம் பாத்துப் பாத்துத் தலையாட்டிட்டு இருந்தேன். மத்தியானம் குரூப்ல ஒரு போட்டோ வந்துது, அதுவும் அந்தப் புது நம்பர்ல இருந்து வந்ததுதான். அத்தை படுத்திருக்கா. மூஞ்சி நிறைய மஞ்சள், நெத்தியில காசு, கழுத்து வரைக்கும் மாலை. பாத்ததும் எந்திரிச்சே நின்னுட்டேங்க. அப்பறம் தமிழ்ப்ரியா சொன்னது ஞாபகம் வந்து, பெருசு பண்ணி விரலை எண்ணலாம்னு பாத்தேன். ரெண்டு கையையும் சேத்து வச்சுத் துணியால கட்டியிருந்தாங்க. எண்ண முடியல. பாத்தியா, எண்ண முடியாத மாதிரிப் பண்ணியிருக்கான் பாருன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொன்னேன். என் அத்தையோட செத்த மூஞ்சியைப் பெருசு பண்ணி, குத்தம் தேடிட்டு உக்காந்திருந்தேன்.

அந்த நேரத்துலதான் கிரண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு போன் பேசிட்டிருந்தான். நேராப் போய்ச் சட்டையைப் பிடிச்சுட்டேன். "என் அத்தையைக் கொன்னுட்டயேடா. உனக்கு வெக்கமா இல்லை?"

"ஏன் மாராயா, என்ன ஆச்சு?" ன்னான். போனைக் காட்டினேன். அவன் போட்டோவைப் பாத்தான். மூஞ்சி மாறிடுச்சு. "அண்ணா, சத்தியமா இது நான் இல்ல. அந்தக் கூட்டம் ரத்துன்னு வந்துதே, அதைப் பத்தி என்னைக் கேக்காதீங்க. ஆனா இது நான் பண்ணல. எங்கம்மா மேல ஆணை."

"நீதானடா சொன்னே, ஒரு சாவு போதும்னு?"

"சொன்னேன் அண்ணா. வியாபாரத்துக்குச் சொன்னேன். நீங்க எதுக்கும் ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க."

இந்த வார்த்தையைத்தான் அவன் எப்படியும் சொல்லுவான்னு நான் காத்துட்டு இருந்தேங்க. ஊருக்கு அனுப்பறதுலயே இருக்கான் பாத்தியான்னு பிடிச்ச சட்டையை உதறி விட்டுட்டு வந்து மறுபடியும் டேபிள்ல உக்காந்தேன். அன்னிக்கு என்கிட்ட நிஜம் பேசினவங்க மூணு பேர். மாமா, தேவம்மா, கிரண். மூணு பேரையும் நான் நம்பல.

மூணு மணி சுமாருக்கு மண்டிக்கு லோடு வந்திருக்குன்னு கூப்பிட்டாங்க. ஹனூர்ப் பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்து எங்களுக்குக் காய் ஏத்திட்டு வர்ற வண்டிக்காரர் நஞ்சுண்டசாமி. பத்து வருஷப் பழக்கம். இறங்கி வந்தவர் என்னைப் பாத்து அப்படியே நின்னுட்டார். மூஞ்சியைப் பாத்தார், விரலைப் பாத்தார்.

"நீ இன்னும் இங்கதான் இருக்கயா?" ன்னார். "அங்க பந்தல்ல பொணத்தை வச்சுட்டுக் காலையில இருந்து உனக்காகக் காத்துட்டிருக்காங்கப்பா. ஐஸ் பெட்டி கிடைக்கல. பொறந்த வீட்டுக் கோடி வராமத் தூக்கக் கூடாதுன்னு லிங்கப்பண்ணன் ஒரே பிடியா இருக்கார். வருவான், என் மாப்ளை வருவான்னு ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கார். நான் மாலை போட்டுட்டுத்தான் வர்றேன்."

அப்பவும் நான் கேள்விதாங்க கேட்டேன். "வீட்டுல அழுகைச் சத்தமே கேக்கலயே நஞ்சுண்டசாமி?"

"வீட்டுக்கிட்ட டவர் எங்க இருக்கு? மேட்டுக்கு ஏறினாத்தான் கிடைக்கும். அவர் போன்ல சார்ஜ் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்குப் புதுசா வந்தவனைப் போனோட கூட்டிட்டு, மனுசன் தள்ளாடிட்டே ஏறிப் போய்ப் பேசிட்டு வந்தார். என்ன சொன்னான்னு கேட்டதுக்கு, வருவான்னு மட்டும் சொன்னார்."

பூத் மூட இன்னும் நேரம் இருந்துது. அங்க திரும்பி ஓடி, தேவம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். என் மூஞ்சியைப் பாத்தே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஏஜெண்டா இருந்த பொம்பளைகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, செருப்பைக்கூட மாத்தாம வந்து டெம்போவுல முதல்ல அவதான் ஏறி உக்காந்தா. சேதி கேட்டு ஓடி வந்த சொந்தக்காரங்க, வண்டி கொண்ட மட்டும் பின்னாலயே ஏறினாங்க. என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தமிழ்ப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதுட்டே வந்தா. கேள்வி கேளுங்கன்னு நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன்னு அதையே சொல்லிட்டிருந்தா. நீ சொன்னே, கேட்டது நான்தானேன்னேன்.

வழியில கொள்ளேகாலத்துல ஒரு சேலைக் கடையில நிறுத்தினோம். கோடிக்குன்னு சொன்னதும் கடைக்காரர் மஞ்சளும் செவப்புமா ஒண்ணை எடுத்து வச்சார். சுமங்கலியாப் போனவளுக்கு அதுதான். அத்தை உசுரோட இருந்தப்ப நான் அவளுக்குக் கடைசியா எப்பச் சேலை எடுத்துக் குடுத்தேன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல.

ஊர் போய்ச் சேர்றப்ப பொழுது மலைக்குப் பின்னால போயிட்டிருந்தது. தப்பட்டை நின்னு போயிருந்தது. அடிக்கறவங்க அடிச்சு ஓஞ்சு, ஓரமா உக்காந்து பீடி குடிச்சுட்டு இருந்தாங்க. அழுத பொம்பளைங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பந்தல்ல ஊதுவத்தியை மீறி வாடை வர ஆரம்பிச்சிருந்தது. ஈ மொய்க்காம ஒரு பொம்பளை விசிறிட்டே இருந்தா. எங்க டெம்போ வந்து நின்னதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

எழவு வீட்டுக்குப் போற ஆம்பளைங்க வரிசையா நின்னு கையை நீட்டணும். வீட்டுக்காரர் ஒவ்வொரு கையாத் தொட்டுட்டு வருவார். அதுதான் எங்க பக்கம் துக்கம் கேக்கறது. நாங்க நின்னோம், கையை நீட்டினோம். மாமா எந்திரிச்சு வந்தார். ஒரே பகல்ல பாதியாக் குறைஞ்ச மாதிரி இருந்தார். ஒவ்வொரு கையாத் தொட்டார். நீட்டின கையிலெல்லாம் மை. மச்சான் விரல்ல மை, பங்காளி விரல்ல மை, வயசானவங்க விரல்ல மை. ஊரே பாத்துட்டு நின்னுது. எனக்குக் கையை இழுத்து வேட்டிக்குள்ள மறைச்சுக்கலாம் போல இருந்துது.

என் முறை வந்துது. தொட்டுட்டு அடுத்த கைக்குப் போகணும். அவர் போகல. என் ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சார். திட்டப் போறார், காறித் துப்பப் போறார், துப்பட்டும்னு தலையைக் குனிஞ்சு நின்னேன். அவர் என் காதுகிட்ட வந்து, தப்புப் பண்ணினவர் மாதிரி மெதுவாச் சொன்னாருங்க.

"காலையில நீ கேட்டயில்ல மாப்ளை, அப்ப எனக்கு வாய் வரல. குதிருக்குள்ள. குதிருக்குள்ளதான் உன்னை ஒளிச்சு வச்சா உன்ற அத்தை. நாந்தான் மேல சாக்கு போட்டு மூடினேன். உங்கப்பன் கேட்டதுக்கு, பையன் இந்தப் பக்கமே வரலன்னு நாந்தான் சொன்னேன்."

நான் நிமிரவே இல்லை.

"சரிதானே மாப்ளை? நாந்தான் பேசினேன்."

கோடியைப் பிரிச்சு அத்தை மேல போத்தினேன். அதுக்கப்பறம்தான் தூக்கினாங்க.